எந்த பீச் பாய்ஸ் கிறிஸ்துமஸ்? வாசகர் கேள்வி-பதில்

? பிரையன் வில்சன் 2005-ல் தனியாகப் போட்ட கிறிஸ்துமஸ் ஆல்பம் சிறந்ததா, 1964-ல் பீச் பாய்ஸ் என்ற தன் அமெரிக்கக் குழுவோடு போட்டதா? நண்பர்களுக்குள் ஓயாத வாக்குவாதம்.
*வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

என் ஓட்டு 1964-க்கு. ஆனால் அந்த ஆல்பத்துக்குள்ளேயே இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. முதல் ஐந்தும் சொந்தப் பாடல்கள். மீதி ஏழும் பழைய பாடல்கள், பெரும்பாலும் டிக் ரெனால்ட்ஸ் அமைத்த ஆர்கெஸ்ட்ராவோடு. பிரையன் சிறுவயதில் உருகி உருகிக் கேட்ட ஃபோர் ஃப்ரெஷ்மென் பாடகர் குழுவுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர் அவர். உங்கள் நண்பர்களில் ஒருவர் சொந்தப் பாடல்களையும் இன்னொருவர் பழைய பாடல்களையும் மனதில் வைத்துப் பேசினால் சண்டை தீராது. குழுவின் அல் ஜார்டின் முன்னணியில் பாடும் 'கிறிஸ்துமஸ் டே'யைத் தவறவிடாதீர்கள்.

2005-ல் பிரையனுக்கு வயது 63. பழைய கள்ளத்தொண்டை (இயல்புக்கு மேல் எழும் மெல்லிய உச்சக் குரல்) போய்விட்டது. உச்சத்தைத் துணைப் பாடகர்கள் தாங்குகிறார்கள். 'லிட்டில் செயிண்ட் நிக்', 'தி மேன் வித் ஆல் தி டாய்ஸ்' இரண்டும் இரு ஆல்பத்திலும் உண்டு. அவற்றை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்று கூடுதல் சத்தமாக ஒலித்தால் காது அதையே நல்லது என்று நம்பிவிடும். செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டு, ஈக்வலைசரை அணைத்துவிட்டு, 30 விநாடி இது, 30 விநாடி அது என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதே குழுவின் பாடகர் மைக் லவ்வின் 2018 கிறிஸ்துமஸ் ஆல்பத்தை இவற்றுக்குப் பிறகு கேட்டால் போதும்.

? கடையில் ஒலிக்கும் 'லிட்டில் செயிண்ட் நிக்'கில் மணிச் சத்தம் கேட்கிறது. என்னிடம் உள்ள ஆல்பத்தில் இல்லை. பிரதி கோளாறா?
*வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்*

கோளாறே இல்லை. 1963 டிசம்பரில் தனி இசைத்தட்டாக வந்த சிங்கிளில் சலங்கை மணியும் குளோக்கன்ஸ்பீலும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) மேலே சேர்த்துப் பதிந்தார்கள். மறு ஆண்டு ஆல்பத்தில் அந்தச் சேர்ப்புகள் இல்லாத கலவை வந்தது. பின்னாளில் வந்த தொகுப்புகளில் இரண்டும் கிடைக்கின்றன. எனக்கு மணி உள்ளதுதான் பிடிக்கும்.

? பங்கு இளைஞர் குழுவில் ஐந்து பேர் 'லிட்டில் செயிண்ட் நிக்' பாடுகிறோம். மேல் குரல் உடைந்துவிடுகிறது.
*வாசகர், கடலூர் முதுநகர்*

கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் இரண்டு அரைப்படி (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) இறக்குங்கள். நான்கு அரைப்படிக்கு மேல் இறக்கினால் அடிக்குரல்காரருக்குச் சத்தமே வராது. மேல் குரலைப் பெண் ஒருவருக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆண்தான் பாடுவார் என்றால் சத்தத்தைக் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். கள்ளத்தொண்டையில் அழுத்தினால் சுருதி விலகும். முதலில் அடிக்குரலும் நடுக்குரலும் வார்த்தையில்லாமல் 'ஊ' என்று சேரட்டும். அவை ஒட்டிய பிறகு மேல் குரல் வரட்டும். இன்னொன்று: உயர்ந்த கூரையுள்ள கோவிலில் எதிரொலி ஏற்கெனவே நீளம். மிக்சரில் எக்கோவை முழுக்க மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த வேகத்தில் ஒரு வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் மேல் விழுந்து எதுவும் புரியாது.