லெவிட்டவுன் வீடும் அதன் தரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் குடும்பம் நியூயார்க் லாங் ஐலண்டின் லெவிட்டவுனில், 1948-ல் கட்டிய ஒரு வீட்டை வாங்கப் பார்க்கிறது. பழைய படங்களில் தீப்பெட்டி அடுக்கியதுபோல எல்லாம் ஒரே வீடு. இப்போது ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்கிறாள். எப்படி மாறியது? தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதாம், அதில் தொல்லை வருமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தத் தரை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்தவை உருளைக்கிழங்கு வயல்கள். தங்க நூற்புழு தாக்கி விளைச்சல் கெட்டது (நீலகிரிக் கிழங்கைக் கெடுப்பதும் அதே புழுதான்). லெவிட் அண்ட் சன்ஸ் என்ற கட்டுமான நிறுவனம் அந்த நிலத்தை வாங்கியது. உள்ளூர்க் கட்டட விதிப்படி வீட்டுக்கு அடித்தள அறை வேண்டும். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி வீடின்றித் தவித்த வீரர்கள் 1947-ல் திரண்டு வந்து அந்த விதியை மாற்றவைத்தார்கள். குழி தோண்டாமல் மண்மேலேயே காங்கிரீட் தளம் போட்டார்கள். விலை இறங்க அது ஒரு பெரிய காரணம்.

லாரி அறுபது அடிக்கு ஒருமுறை நின்று, ஒரு வீட்டுக்கான சாமானை மொத்தமாக இறக்கிவிட்டுப் போகும். பின்னாலேயே குழுக்கள் வரும், குழுவுக்கு ஒரே வேலை. உச்சத்தில் நாளுக்கு முப்பது வீடுகள், 1951-க்குள் 17,447. ஆனால் தொடக்கத்தில் கட்டிய வீடு 750 சதுர அடிதான். மேலே ஏற மாடிப்படி உண்டு, கூரைக்கடியில் அறை மட்டும் முடிக்காமல் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் பிறக்கப் பிறக்கக் கூரையை உயர்த்தினார்கள், பக்கத்தில் அறை இழுத்தார்கள். உங்கள் மகள் பார்ப்பது அதைத்தான்.

ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று லெவிட் விடாப்பிடியாக நின்றது குடியிருப்பவரின் நிறத்தில். குத்தகைப் பத்திரத்தின் 25-வது பிரிவு, வெள்ளையர் தவிர யாரும் வசிக்கக் கூடாது என்றது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய பிரிவுகளை நீதிமன்றங்கள் அமலாக்கக் கூடாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு பிரிவை நீக்கினார்கள், ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்க மறுப்பது அப்போதும் நிற்கவில்லை. அதே போரில் சண்டையிட்டவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

இனி குழாய். பாய்லர் வெந்நீர் காங்கிரீட்டுக்குள் பதித்த செம்புக் குழாய்ச் சுருளில் ஓடும். தளம் இறங்கி விரிசல் விட்டாலோ செம்பு அரித்தாலோ கசியும். பாய்லரின் அழுத்தமானி முள் அடிக்கடி இறங்குவதும் தரையில் ஓரிடம் மட்டும் சுடுவதும் அறிகுறிகள். தானாக நீர் நிரப்பும் வால்வு கசிவை மறைத்துவிடும். புது நீரோடு ஆக்சிஜனும் சேர்ந்து வந்து பாய்லரையும் அரிக்கும். எனவே வாங்கும் முன் அந்த வால்வை மூடி, சுருளைத் தனியே அடைத்து, அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் முள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் தரையை உடைத்துக்கொண்டே போவதைவிட, பழைய சுருளைக் கைவிட்டுச் சுவரோர ரேடியேட்டர் போடுவது நல்லது. பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய 9 அங்குலத் தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்கும்வரை பெயர்க்கவோ தேய்க்கவோ வேண்டாம். பின்னால் கட்டிய ஒவ்வொரு அறைக்கும் நகராட்சி அனுமதி இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞர் மூலம் பார்த்துவிடுங்கள்.