பதில்: ரூட் உள்நுழைவைத் தடுத்தும் சோதனை தோல்வி காட்டுகிறது

வணக்கம். ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) உள்நுழைவைத் தனி அமைப்புக் கோப்பில் தடுத்திருந்தும் பாதுகாப்புச் சோதனை தோல்வி காட்டுகிறது, அந்தச் சோதனையின் விதிக்கு இவ்வளவு சின்னத் திருத்தத்தை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். பொய்த் தோல்விகள் பெருகினால் அறிக்கையையே யாரும் நம்பமாட்டார்கள்.

தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் சர்வர் அமைப்பில், 8.2 பதிப்பு முதல் இன்க்ளூட் வசதி (முதன்மைக் கோப்பிலிருந்து வேறு கோப்புகளையும் சேர்த்துப் படிப்பது) உண்டு. உங்கள் சோதனை முதன்மைக் கோப்பை மட்டும் படிக்கிறது போலும். ரூட்டாக எஸ்எஸ்எச்டி (sshd, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரல்) கட்டளையைப் பெரிய ‘டி’ (-T) விருப்பத்தோடு ஓட்டினால் உண்மையில் செயல்படும் மதிப்பு தெரியும். அதில் ரூட் உள்நுழைவைக் காட்டும் ஒரு வரியை மட்டும் இஷ்யூவில் (திட்டத்தின் பிழைப் பதிவில்) ஒட்டுங்கள்.

அப்புறம், திருத்தத்தோடு தேற வேண்டிய அமைப்பு ஒன்று, தோற்க வேண்டியது ஒன்று என இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். பலர் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். அது இல்லாவிட்டால், விதி தளர்ந்துபோய் எல்லாவற்றையும் தேற்றிவிடுகிறதா என்று பராமரிப்பவருக்குத் தெரியாது. எழுத்துப்பிழைத் திருத்தங்கள் தனி புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தில்) போகட்டும்.