மொட்டை அப்புறம் போடலாம், ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீர்கள்

சகோதரி, இரண்டரை வயது மகனுக்கு அடுத்த வாரம் இதய ஓட்டைக்கு ஆபரேஷன், அதற்குள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டே ஆக வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கும் இதே ஆபரேஷன் நடந்தது, எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

இப்போது பயணமும் கூட்டமும் வேண்டாம். ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் போதும், ஆபரேஷனையே தள்ளிவைத்துவிடுவார்கள். மாமியாரிடம் சண்டை போடாமல், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கச் சொல்லுங்கள், என் அம்மா அதைச் செய்த பிறகுதான் கொஞ்சம் அமைதியானார். திருநின்றவூரில் பூசலார் என்ற சிவனடியார் மனதுக்குள்ளேயே கட்டிய கோயிலுக்குத்தானே, மன்னன் கல்லில் கட்டிய கோயிலைவிட, சிவன் முதலில் போனார்? இதய நோய்க்காக வேண்டிக்கொள்பவர்கள் இன்றும் அங்குள்ள இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறார்கள். அந்தக் கதையை அவரிடம் சொல்லிப் பாருங்கள், எங்கள் வீட்டில் அதுதான் எடுபட்டது.

முக்கியமான ஒன்று: வெறும் வயிறு என்று டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு பாசத்தில்கூட யாரும் தீர்த்தமோ பிரசாதமோ வாயில் வைத்துவிடக் கூடாது, மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. தாயத்து, அரைஞாண் எல்லாம் தியேட்டருக்குள் கழற்றச் சொல்வார்கள், முந்தின நாளே நீங்களே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் மாமியார் மனம் உடைந்துபோவார்.

ஆபரேஷனுக்காக வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு வாரமாவது ஆகும், அதுவரை குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்காதீர்கள். டாக்டர் சரி என்றதும் மொட்டைக்குக் கிளம்புங்கள். ஆபரேஷன் முடிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.