கல்யாணப் படம் எடுக்க ஃபுல் ஃபிரேம் கேமரா எதற்கு?

கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார், பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டம் அளவுக்கு, அதாவது 36 × 24 மி.மீ. இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். ஆரம்பநிலை கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட இதன் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல்.

மழையில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் சொம்பையும் வையுங்கள். பெய்வது ஒரே மழைதான், ஆனால் அண்டாவில் அதிகம் சேரும். ஒளியும் அப்படித்தான்.

மண்டபத்தில் இது ஏன் முக்கியம்? விடியற்காலை முகூர்த்தம், ஹோமப் புகை (புகைக்குள் நேராக ஃபிளாஷ் அடித்தால் படமே வெளுத்துப்போகும்). கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை பறக்கும். தாலி முடிச்சுப் போடும் விரல்கள் கலங்காமல் விழ ஷட்டர் 1/200 வினாடியோ அதைவிடக் குறைவாகவோதான் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் விழும் ஒளி குறைவு என்பதால், ஐஎஸ்ஓவை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பு) 6400 வரை ஏற்ற வேண்டி வரலாம். அப்போது சின்ன சென்சாரில் அரக்குப் பட்டுப்புடவை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பெரியதில் அது குறைவு.

என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் இரண்டு மெமரி கார்டு வசதி. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துவிட்டால் ஒன்று கெட்டாலும் கவலையில்லை. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாதே! சரி, கையில் பணம் குறைவா? முதலில் ஓர் எஃப்/1.8 லென்ஸ் (அகலமாகத் திறந்து அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸ்) வாங்குங்கள், கேமரா பாடி பிறகு பார்க்கலாம்.

அப்புறம், மெகாபிக்சல் கூடினால்தான் தொழில்முறை கேமரா என்று நினைக்க வேண்டாம்: ஏபிஎஸ்-சி ரகமான கேனான் ஆர்7-இல் 32, ஃபுல் ஃபிரேமான ஆர்6-இல் 20தான்.