டேனியல் கிரெய்க் நடிச்ச பாண்ட் படங்களை மட்டும் ஏன் வரிசையா பாக்கணும்னு சொல்றாங்க?

காரணம் ரீபூட். அதாவது பழைய கதையை மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறது. சீட்டாட்டத்துல அதே கட்டைக் கலைச்சு மறுபடி போடுவோமே, பழைய பாயின்ட் எதுவும் செல்லாது, அது மாதிரிதான்.

முன்னாடி வந்த படங்கள்ல ஒவ்வொன்னும் பெரும்பாலும் தனி மிஷன், எதை முதல்ல பாத்தாலும் புரியும். 2006ல கேசினோ ராயல் ஆரம்பமே கறுப்பு வெள்ளைல, டாய்லெட்ல ஒருத்தனோட கட்டிப் புரண்டு சண்டை போட்டு, ரெண்டு கொலை பண்ணி அப்பதான் பாண்ட் டபுள் ஓ, அதாவது கொல்ல அனுமதி இருக்கற உளவாளி ஆகறாரு. அதுல அவரோட காதலி வெஸ்பர் சாகறது அவரை விடவே இல்ல, குவாண்டம் ஆஃப் சோலஸ் (2008) அது முடிஞ்ச கையோட தொடங்குது, நோ டைம் டு டைல (2021) கூட அவ கல்லறைக்குப் போறாரு. ஸ்கைஃபால் (2012) தனியா பாத்தாலும் நிக்கும், என்னைக் கேட்டா அதான் பெஸ்ட். ஸ்பெக்டர் (2015) எல்லா வில்லனுக்கும் பின்னாடி ஒரே ஆள்னு இழுத்து முடிச்சுப் போட்டது எனக்கு ஒட்டவே இல்ல.

அப்புறம், ஜேம்ஸ் பாண்ட்ங்கறது ஆளுக்கு ஆள் மாத்திக் குடுக்கற கோட் நேம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, ஸ்கைஃபால்ல அவரோட அப்பா அம்மா கல்லறையிலயே பாண்ட்னுதான் எழுதியிருக்கும்.