உருளைக்கிழங்கும் கைபேசியும்

வணக்கம்.

கைபேசி பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுக்கிறதா என்ற சண்டையைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் ஒரு தலைமுறையே பாதிக்கப்பட்டுவிட்டது என்கிறார். உருளைக்கிழங்கு சாப்பிடுவதால் வரும் கெடுதல் அளவுதான் இதிலும் என்று ஓர் ஆய்வு சொல்கிறதாம். இரு பக்கமும் பேராசிரியர்கள், இரு பக்கமும் புள்ளிவிவரம். இயற்பியலில் இப்படி நடக்குமா? அவரவர் அரசியலுக்குத் தோதாக எண்களைத் திருகுவதற்குப் பெயர்தான் சமூக அறிவியலோ என்று தோன்றுகிறது. என் மகளின் பள்ளியில் வளாகத்துக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி ஒரு மனு சுற்றுக்கு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உருளைக்கிழங்கிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விவாதத்தை அதைப் போலக் குழப்பியது வேறு எதுவும் இல்லை. 2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் பதில்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றை எத்தனை விதமாக அலசுவது நியாயமோ அத்தனை விதமாகவும் அலசினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலத்தில் காணும் வேறுபாட்டில், அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் திரைப் பயன்பாட்டோடு சேர்ந்து நகர்ந்தது. அதே தரவில் உருளைக்கிழங்கு உண்பதும் கிட்டத்தட்ட அவ்வளவு தொடர்பைக் காட்டியது. ‘கைபேசியால் தீங்கில்லை’ என்று அவர்கள் எழுதவில்லை. அதைச் செய்தித் தலைப்புகள் எழுதிக்கொண்டன.

ஹைட்டும் இன்னோர் உளவியலாளரான ஜீன் ட்வெங்கியும் இதற்குச் சொன்ன மறுப்பு கவனிக்க வேண்டியது. தொலைக்காட்சி, விளையாட்டு, சமூக ஊடகம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் எண் சிறிதாகத்தானே வரும்? பெண் பிள்ளைகளையும் சமூக ஊடகத்தையும் மட்டும் பிரித்துப் பாருங்கள், தொடர்பு பெரிதாகிறது என்றார்கள். ஆக, ஒருவர் எண்ணை மற்றவர் பொய் என்று சொல்லவில்லை. யாரை எண்ணுவது, எதை எண்ணுவது என்பதில்தான் தகராறு. ஆனால் இரு தரப்பு எண்களுமே வெறும் உடன்தொடர்பு: சேர்ந்து நகர்வதைக் காட்டுமே தவிர, எது எதற்குக் காரணம் என்று சொல்லாது. மனம் சோர்ந்த பிள்ளை கைபேசிக்குள் போய் ஒளிந்துகொள்வதும் அதே எண்ணில்தான் கலந்திருக்கிறது. உளவியலாளர் கேண்டிஸ் ஓட்ஜர்ஸ் 2024இல் ஹைட்டின் புத்தகத்தை விமர்சித்தபோது முக்கியமாகப் பிடித்தது இந்த இடத்தைத்தான்.

எனக்கு இந்த இரு தரப்பின் வாதங்களையும் விட ஃபேஸ்புக் பற்றிய இரண்டு பொருளியல் ஆய்வுகள் கனமாகப் படுகின்றன. 2004இல் ஹார்வர்டில் தொடங்கிய ஃபேஸ்புக் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகத்தான் போய்ச் சேர்ந்தது. அது வந்த கல்லூரிகளையும் இன்னும் வராத கல்லூரிகளையும் ஒப்பிட்டு, வந்த இடங்களில் மாணவர்களின் மனநலம் சரிந்ததை 2022இல் வெளியான கட்டுரை காட்டியது. 2018இல் செய்த மற்றொரு சோதனையில், பணம் கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு விலகச் சொன்னார்கள். மனநிறைவு கூடியது, சிறிதளவே.

இந்தச் சிறிதளவை வைத்து ‘பார்த்தீர்களா, ஒன்றுமில்லை’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பெண் மட்டும் விலகினால் அவள் தனித்துப் போகிறாள். வகுப்பே விலகினால் பேச்சு வேறிடத்தில் நடக்கிறது. தனியாளை விலக்கிப் பார்க்கும் சோதனை இரண்டாவதை அளக்கவே முடியாது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று நடைமுறைப்படுத்தியிருப்பது அந்த இரண்டாவதைத்தான். அதன் விளைவைப் பழைய ஆய்வுகளிலிருந்து யாரும் முன்கூட்டியே படித்துச் சொல்லிவிட முடியாது.

இயற்பியலைப் பற்றிக் கேட்டீர்கள். பிரபஞ்சம் விரியும் வேகம், வானியலாளர்களின் அலகில், ஒரு முறையில் அளந்தால் சுமார் 67, இன்னொரு முறையில் 73. பல ஆண்டுகளாக முடியாத சண்டை. அதற்காக யாரும் உங்கள் மகளின் பையைச் சோதிக்க வருவதில்லை, ஆகவே அது நம் காதில் விழுவதுமில்லை.

‘எண்களைத் திருகுகிறார்கள்’ என்பதற்கு வருகிறேன். கால்பந்து நடுவர்கள் கறுத்த தோலுள்ள ஆட்டக்காரர்களுக்கு அதிகம் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்ற கேள்வியோடு ஒரே தரவை 29 குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது: 20 குழுக்கள் ஆம் என்றன, 9 குழுக்கள் உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. எதையும் திருகாமலே இவ்வளவு விலகல் வரும். அதே சமயம், நேர்மாறான முடிவுக்கு ஆதாரம் இருப்பதாக ஒரு குழுகூடச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சண்டை முடிவதும் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் வருமானம் கூடினாலும் அன்றாட மகிழ்ச்சி கூடாது என்று 2010இல் உளவியலாளர் டேனியல் கானிமன் எழுதினார். கூடிக்கொண்டே போகிறது என்று 2021இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் மறுத்தார். இருவரும் நடுவராக பார்பரா மெல்லர்ஸை வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மகிழ்ச்சி கூடிக்கொண்டே போகிறது, மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு சிறுபான்மைக்குத்தான் அது ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்று 2023இல் சேர்ந்தே எழுதினார்கள். கைபேசி விவாதத்தில் பத்திரிகைக் கட்டுரைகளில் மோதிக்கொள்ளும் அளவுக்கு இந்த மாதிரி உட்காருதல் நடக்கவில்லை. என் குறை அதுதான்.

மனுவுக்கு வருவோம். எவ்வளவு ஆதாரம் இருந்தால் செயலில் இறங்கலாம் என்பதை எந்தத் தரவும் சொல்லாது. அது நாம் எதற்கு அதிகம் அஞ்சுகிறோம் என்பதைப் பொறுத்தது. பள்ளி வளாகத் தடை எளிதில் திரும்பப் பெறக்கூடியது, ஆகவே அரைகுறை ஆதாரமே எனக்குப் போதும். இங்கிலாந்துப் பள்ளிகளில் தடைக்குப் பிறகு பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. சுவீடனில் அதே முறையில் பார்த்தபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. கையெழுத்துப் போடுங்கள். மனுவில் ‘ஆய்வுகள் நிரூபித்துவிட்டன’ என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதை அடித்துவிட்டு, ஓராண்டு கழித்துப் பலன் பார்த்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதிச் சேர்த்துவிட்டுப் போடுங்கள்.