ரூம் ‘ட்ராஃப்டி’ என்றால் என்ன? கேள்வி பதில்

ஊட்டி, ஹோம்ஸ்டே நடத்துபவர்: சார், இங்கிலாந்து விருந்தினர் ஒருவர் ரூம் ‘ட்ராஃப்டி’ என்று எழுதிவிட்டுப் போனார். குளிர்கிறது என்கிறாரா? ஹீட்டர் வைத்திருக்கிறோமே?

பதில்: வெறும் குளிருக்கு ‘கோல்ட்’, ‘சில்லி’ போதும். கதவு, ஜன்னலைச் சாத்திய பிறகும் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து உடம்பில் படுகிறது என்கிறார். ஹீட்டர் மட்டும் இதைத் தீர்க்காது. சூடான காற்று மேலே ஏறி மச்சு இடுக்கிலும் புகைபோக்கியிலும் வெளியேறும். அதற்கு ஈடாகக் கதவடியில் குளிர்காற்று உள்ளே இழுபடும். கணுக்காலில்தான் முதலில் சில்லென்று உறைக்கும்.

குன்னூர், பிளஸ் 2 மாணவி: ‘ஐ ஆம் ட்ராஃப்டி’ சரியா சார்? ஸ்பெல்லிங்கும் குழப்புகிறது.

பதில்: தப்பும்மா. அறை, வீடு, ஹால், தாழ்வாரம் என்று இடத்துக்குத்தான் வரும். ‘இட்ஸ் ட்ராஃப்டி இன் ஹியர்’ என்று எழுது. தொட்டபெட்டா உச்சியில் அடிக்கும் காற்றுக்கு ‘விண்டி’. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் நடுவே யூ, ஜி, ஹெச் (draughty). அமெரிக்க ஸ்பெல்லிங்கில் அங்கே எஃப் மட்டும் (drafty). இரண்டிலும் ‘ஃப்’ ஒலிதான்.

கொடைக்கானல், பழைய பங்களா பராமரிப்பவர்: காற்று எங்கே வருகிறதென்று பிடிபடவில்லை.

பதில்: காற்றடிக்கும் நாளில் எல்லாவற்றையும் சாத்துங்கள், திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டுங்கள். ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். நேராக எழும் புகை சட்டென்று வளையும் இடத்தில் பென்சில் குறி போடுங்கள். கதவடி, சட்டமும் சுவரும் சேரும் கோடு, கண்ணாடி ஓரத்தில் காய்ந்து உதிர்ந்த மக்கு (புட்டி), பலகைத் தரை இடுக்கு எல்லாம் பாருங்கள்.

திறந்து மூடும் இடத்துக்கு ஒட்டும் ஃபோம் டேப், அசையாத இடுக்குக்கு சீலன்ட் (இடுக்கை நிரப்பி இறுகும் பசை). மாற்றிப் போட்டால் ஜன்னல் ஒட்டிக்கொள்ளும். டேப்பின் தடிமன் இடுக்கைவிட 1 முதல் 2 மி.மீ. கூட இருக்கலாம், அதற்கு மேல் போனால் தாழ்ப்பாள் விழாது. மழைக்காலத்தில் மரம் உப்பி இடுக்கு குறையும், ஆகவே அழுந்தக்கூடிய மெத்தென்ற ஃபோம்தான் என் தேர்வு. மரம் ஈரமாக இருந்தால் பசை பிடிக்காது, துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். கதவடிக்கு, கதவின் அகலத்துக்கு நீளத் துணிப்பை தைத்து மணல் நிரப்பிப் போட்டாலே போதும்.

கோத்தகிரி வாசகர்: அண்ணா, எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு ராத்திரிக்குக் கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இடுக்கு அடைக்காத அறையிலும் கரி கூடாது. கேஸ் கெய்சர் இருக்கும் குளியலறையின் காற்றுத் துளையையும், கணப்பு எரியும்போது புகைபோக்கியையும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.